சனிக்கிழமை வந்து சேராத விமானம் பற்றி மைத்துனருக்கு ஒரு விளக்கம்

செவ்வாய்க்கிழமை, காலை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். எண்ணிக்கையைக் குறிப்பிட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை காலை விமானத்தில் ஏறிய அதே நான்கு பேர், கை கால் எதிலும் குறைவின்றி, இப்போது இந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்பது தங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட வேண்டும். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். சனிக்கிழமை மாலையிலிருந்து பதினேழு தடவை கூப்பிட்டேன். பதினாறு தடவை மணி அடித்து ஓய்ந்தது. பதினேழாவது தடவை உங்கள் டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்துப் பெண் எடுத்து, “சார் இங்கதான் இருக்காரு, ஆனா இல்லன்னு சொல்லச் சொன்னாரு” என்றாள். நேர்மையான பெண். வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். ஆகவே, இன்று இரவுப் பேருந்தில் கொடுத்தனுப்பப் போகும் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை தாங்கள் உங்கள் ஊர் விமானத் திடலின் வேலி ஓரமாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, வெயிலிலும் பிறகு மழையிலும் நின்றதை அக்கா ரகசியமாகச் சொல்லி அறிந்தேன். பத்துப் பேருக்குச் சமைத்து ஆறிப்போனதையும் அறிந்தேன். தாங்கள் கோபப்படாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால், மைத்துனரே, என்ன ஒரு நாள் அது!

இரண்டு வருடத்துக்கு முன்பு உங்கள் தங்கை, பல் மருத்துவர், இரண்டு பல் பிடுங்கலுக்கு நடுவில் போன் போட்டு, “அண்ணா, நான் விமானம் ஓட்டக் கத்துக்கப் போறேன்” என்று சொன்னபோது, “முதல்ல காரை ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கோ” என்று சொல்லி வைத்தீர்கள். வாசல் கேட்டில் இன்னும் அந்தக் கீறல் இருக்கிறது, மறுக்கவில்லை. அவளும், “அண்ணா, இதுல ரிவர்ஸே கிடையாது, அதனாலதான் எடுத்தேன்” என்று சொல்லிவிட்டுப் போய் மூன்றாவது பல்லைப் பிடுங்கினாள். கற்றாள், தேர்வு எழுதினாள், உரிமம் வாங்கினாள். நீங்கள் வாழ்த்தவில்லை. பேருந்து ஓட்டிய உங்கள் அப்பாவும் வாழ்த்தவில்லை. “லைசென்ஸ் எல்லாரும்தான் வாங்குறாங்க” என்றார். இந்த மாதம் அவரை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டிய முறை வந்ததும், பேருந்தில் எட்டு மணி நேரம், என் விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்று அவள் கணக்குச் சொன்னாள். நீங்கள் முதலில் குதித்தீர்கள். பிறகு எப்படியோ இறங்கிவந்து, “சரி, வரட்டும். பதினொரு மணிக்கு வேலிகிட்ட நிக்கிறேன், எப்படி இறக்குறான்னு பாக்குறேன்” என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வெள்ளிக்கிழமை முழுவதும் நோயாளிகளின் வாயில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்த்தாள்.

வெள்ளி மாலையே குளியலறை எடைக்கருவி கூடத்துக்கு வந்துவிட்டது. சின்ன விமானம், நான்கு இருக்கை, எல்லாரும் உண்மையான எடையைச் சொல்ல வேண்டும் என்றாள். நான் அறுபத்தெட்டு என்றேன். கருவி எழுபத்தாறு என்றது. இருபத்தாறு வருடத் திருமண வாழ்வில் இவ்வளவு நேரம் அவள் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்ததில்லை. உங்கள் அப்பா ஏற மறுத்தார். “எடை போடுறதுக்கு நான் என்ன பார்சலா?” என்றார். பிறகு ஏறி, யாரும் பார்க்காதபோது சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார், நான்கு கிலோ குறைந்தது. அதைக் கண்டுபிடித்தது எங்கள் மகள். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுகிறோம், நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து நேராகத் திடலுக்கு வந்து, பின் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, அந்தக் கணமே தூங்கிப்போனாள்.

புறப்படுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிச் சோதிக்க வேண்டும். உங்கள் தங்கை இறக்கையைத் தடவிப் பார்த்தாள், ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். உங்கள் அப்பா அவளுக்குப் பின்னாலேயே சுற்றி, மூன்று சக்கரத்தையும் உதைத்துப் பார்த்தார். “ஹார்ன் எங்க?” என்றார். இல்லை என்றாள். “சைடு கண்ணாடி?” அதுவும் இல்லை. “பின்னாடி வர்றவன் எப்படிம்மா தெரியும்?” “பின்னாடி யாரும் வர மாட்டாங்கப்பா.” அவருடைய பையை எடுத்து வைக்கும்போது அது அளவுக்கு மீறிக் கனத்தது. திறந்தால் ஒரு வீல் ஸ்பேனர், ஒரு ஜாக்கி. “வழியில பஞ்சர் ஆனா என்ன பண்ணுவே?” என்று கேட்டார். இரண்டையும் விமானக் கிளப் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் வாங்கி வரவில்லை.

இனி வருவது என் குற்றம். முன் இருக்கையில் வலப்பக்கம் நான். சோதனைப் பட்டியலை நான் வரி வரியாக உரக்கப் படிக்க வேண்டும், அவள் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். எனக்குக் கொடுத்த ஒரே பொறுப்பு அது. முப்பத்தொரு வருடம் பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்தியவனிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படி என்றால், மைத்துனரே, நான் பட்டியலையா பார்ப்பேன்? ஒன்பதாவது வரியில் ‘கதவு’ என்பதற்கு ‘கவது’ என்று அச்சாகியிருந்தது. உடம்பே கூசிவிட்டது. இத்தனை பேர் இதைப் படித்துப் பறந்திருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை! பேனாவை எடுத்து, சுழித்து, ஓரத்தில் குறியிட்டு, அழகாகத் திருத்தினேன். திருத்திய திருப்தியில் பத்தாவது வரியைப் படித்தேன். அந்த விமானத்துக்கு இருப்பது ஒரே கதவு, என் பக்கத்தில். அதற்குப் பக்கவாட்டில் ஒரு கொக்கி, தலைக்கு மேல் ஒரு கொக்கி. மேல் கொக்கி போடப்படவில்லை.

ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. நான் எதிர்பார்த்தது குலுக்கலும் பயமும். நடந்தது வேறு. சக்கரத்தின் சத்தம் சட்டென்று நின்றது, அவ்வளவுதான், கீழே இருந்த புல் எங்களை விட்டுவிட்டுத் தானாகக் கீழே போனது. உங்கள் தங்கை இரண்டு விரலால் விமானத்தை ஓட்டும் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், வாய்க் கண்ணாடியைப் பிடிப்பது போல. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போதும் தெரியாது. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், எங்கள் தெரு, எல்லாம் யாரோ மேசையில் அடுக்கி வைத்தது மாதிரி. அப்போது படார் என்று ஒரு சத்தம், என் பக்கத்துக் கதவு நான்கு விரற்கடை திறந்துகொண்டது.

காற்று உள்ளே வந்து அலறியது. என் கையிலிருந்த பட்டியல், திருத்தத்தோடு, வெளியே போய்விட்டது. அந்தச் சந்தில் கீழே யாருடைய வீட்டு மாடியோ தெரிந்தது, கொடியில் காய்ந்த துணியின் நிறம் முதற்கொண்டு சொல்வேன். அவளுக்கு இருப்பது போலவே என் எதிரேயும் இருந்த கைப்பிடியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். தொடாதீர்கள் என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்த கைப்பிடி அது. பின்னாலிருந்து உங்கள் அப்பா, “ஓரங்கட்டு! ஓரங்கட்டும்மா!” என்று கத்தினார். “அப்பா, இங்க ஓரம் கிடையாது” என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, பல் பிடுங்குமுன் பேசுவாளே அந்தக் குரலில், “ஒண்ணுமில்லங்க. சத்தம் மட்டும்தான் வரும். வலிக்காது. கையை எடுங்க” என்றாள். கதவு திறந்தால் விமானம் விழாது, காற்றே அதைப் பாதி மூடி வைத்துக்கொள்ளும், பதற்றப்பட்டுக் கதவோடு மல்லுக்கு நிற்பவர்கள்தான் விழுவார்கள் என்று பிற்பாடு சொன்னாள். முற்பாடு சொல்லியிருக்கலாம்.

அந்தக் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் நாம் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்கும், அந்த வட்டாரத்தில் பறக்கும் எல்லாருக்கும் கேட்கும். என் கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்திருக்கிறது. ஆகவே, “ஐயோ கதவு போச்சு, மாமா என் சட்டையப் புடிங்க, கெட்டியாப் புடிங்க, நான் இன்னும் உயில்கூட எழுதல” என்று நான் சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஒலிபரப்பாகிவிட்டது. கையை எடுத்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல், அமைதியாக: “கதவு திறந்த விமானத்துக்கு ஓடுபாதை காலியா இருக்கு, ஒரு சுத்து சுத்தி வந்து இறங்கலாம். ஐயா, சட்டையப் புடிச்சாச்சா?” உங்கள் அப்பா பின்னாலிருந்து, “புடிச்சிருக்கேன்னு சொல்லு” என்றார்.

சுற்றி வந்து பூப்போல இறக்கினாள். வாலு கண்ணைத் திறந்து, “மாமா வீடு வந்துடுச்சா?” என்றாள். இல்லை என்றோம். மறுபடி தூங்கிவிட்டாள். உங்கள் தங்கை இயந்திரத்தை நிறுத்தி, என்னைத் தாண்டிக் கை நீட்டி, மேல் கொக்கியைப் போட்டாள். “அந்த வரியத் திருத்தினீங்க, சரி. படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். வேறு பட்டியல் வாங்கி வந்தாள். அதிலும் ‘கவது’தான். நான் பேனாவைத் தொடவில்லை.

இரண்டாவது தடவை ஏறியபின் நடந்ததை எழுத எனக்கு ஆயுசு பத்தாது. நெடுஞ்சாலைக்கு மேலாகவே போனோம். உங்கள் அப்பா முப்பத்துநாலு வருடம் பேருந்து ஓட்டிய சாலை. முதலில், “வேகமாப் போறே, வேகமாப் போறே” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கீழே தன் சாலையைக் கண்டதும் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். இது டீக்கடை நிறுத்தம், இது அந்த மோசமான வளைவு, இங்கேதான் ஒரு தடவை கண்டக்டரை விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். திடீரென்று நிறுத்தினார். “இந்த மரத்துக்குப் பின்னாடி ஆறா ஓடுது?” என்றார். ஓடியது, வெயிலில் பளபளவென்று, சாலையோடு ஒட்டியே, மைல் கணக்காக. “இத்தனை வருஷம் என் பக்கத்துலயே வந்திருக்கு. ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்” என்றார். அதன்பின் ஆற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு மலை வந்தது. அந்தக் கணவாயைத் தாண்டினால் நீங்கள். கணவாயில் மேகம் இறங்கியிருந்தது. முழுக்க மூடவில்லை; அடியில் ஒரு பல்லிடுக்கு அளவு வெளிச்சம். மணி பத்தே முக்கால். என் கண்ணுக்குத் தெரிந்தது மேகம் அல்ல, வேலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தாங்கள்தான். நான் சொன்னேன், மறைக்காமல் எழுதுகிறேன்: “இருபது நிமிஷம்தானே, அதோ இடைவெளி தெரியுது, போயிடலாம். திரும்பிப் போனா உங்க அண்ணன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு.” இரண்டு வருடமாக அவள் காத்திருந்தது அந்த மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கைப்பிடியைச் சாய்த்தாள். மலை எங்களுக்கு முன்னாலிருந்து மெல்ல நகர்ந்து பக்கவாட்டுக்கு வந்து பின்னால் போனது.

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “மாப்ள, சும்மா இருங்க” என்றார் உங்கள் அப்பா. காதில் மாட்டிய கருவி வழியாக, மிக அருகில் கேட்டது அவர் குரல். “ஒரு தடவை பாலத்துக்கு மேல தண்ணி போச்சு. பஸ்ஸுல அம்பத்திரண்டு பேரு. கணுக்கால் தண்ணிதான், போலாம் போலாம்னு எல்லாரும் கத்துனாங்க. நான் திருப்பிட்டேன். டிப்போ வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தாங்க. அரை மணி நேரத்துல பாலமே இல்ல. அன்னிக்கி இவ என் பின் சீட்டுல உக்காந்திருந்தா. ஆறு வயசு.”

“ஞாபகம் இருக்குப்பா” என்றாள் உங்கள் தங்கை, முன்னால் பார்த்தபடியே.

அவள் இருக்கையின் முதுகில் கையை வைத்த உங்கள் அப்பா, இறங்கும் வரை எடுக்கவில்லை.

திரும்பினால் எங்கள் ஊரிலும் மழை பிடித்துக்கொண்டதாக வானொலியில் சொன்னார்கள். நடுவில் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்கான ஒரு புல்தரை இருந்தது. அங்கே இறங்க முடிவெடுத்தாள். தாழ்ந்து வந்து பார்த்தால் ஓடுபாதை முழுக்க ஆடுகள். உங்கள் அப்பாவுக்கு வந்ததே ஆவேசம்! “இதுக்குத்தான் ஹார்ன் கேட்டேன்! கேட்டேனா இல்லையா?” அவள் ஆடுகளின் தலைக்கு மேலாக ஒரு தடவை உறுமிக்கொண்டு போனாள். கொட்டகையிலிருந்து ஒரு மெக்கானிக் சைக்கிளில் பாய்ந்து வந்து, ஒரு சிவப்புத் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடுகளை விரட்டினார். ஒரே ஒரு ஆடு நகராமல் நின்று எங்களைப் பார்த்தது. அதையும் அவர் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அதன்பின் இறங்கினோம். வாலு எழுந்து, “மாமா வீடு வந்துடுச்சா?” என்றாள். அவளை மன்னியுங்கள்.

அங்கே கைபேசிக்குச் சிக்னல் இல்லை. மெக்கானிக்கின் மேசையில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. அதில் உங்கள் ஊர்த் திடலுக்குப் பேசி, “அவங்க திரும்பிட்டாங்க, வரமாட்டாங்க” என்று என் எதிரில்தான் சொன்னார். லைன் கரகரவென்று இழுத்து, பாதியில் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்து அலுவலர் காதில் விழுந்தது, “அவங்க கிளம்பிட்டாங்க, வர…” என்பது. ‘திரும்பி’க்கும் ‘கிளம்பி’க்கும் இரண்டே எழுத்து வித்தியாசம், மைத்துனரே! வாழ்நாளெல்லாம் இரண்டு எழுத்துப் பிழையைத் தேடிப் பிடித்தவன் நான், என் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்ததைப் பிடிக்க முடியவில்லை. கிளம்பியவர்கள் வருவார்கள் என்று தாங்கள் ஐந்து மணி வரை நின்றீர்கள். நாங்களோ நாலு மணிக்கு எங்கள் பக்கம் வானம் விட்டதும், மலைப்பக்கம் விடாததால், வீட்டுக்கே பறந்து வந்துவிட்டோம்.

இதுதான் நடந்தது. இதில் உங்கள் தங்கையின் தவறு ஒரு சொட்டும் இல்லை. இருந்தாலும் தங்கள் மனம் ஆற வேண்டும் என்பதற்காக நாங்கள் சில முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். உங்கள் அப்பாவை நாளை, புதன்கிழமை, காலை ஆறு மணிப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். ஏழாம் எண் இருக்கை. மதியம் இரண்டு மணிக்குத் தாங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்தால் போதும். அவர் மிகவும் பயந்துபோயிருக்கிறார், மூன்று நாளாக ஒரே யோசனையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்பது உறுதி. உங்கள் தங்கையும் கொஞ்ச காலத்துக்குக் குடும்பத்தாரை ஏற்றுவதில்லை என்று, வாயால் சொல்லாவிட்டாலும், முடிவு செய்திருப்பாள் என்றே நம்புகிறேன். என்னைப் பொறுத்தவரை, இந்த உடம்பு இனிப் பூமியை விட்டு எழும்பாது. இது சத்தியம்.

அக்காவின் சமையல் வீணானதற்கு அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளைகள் எல்லாப் பேறும் பெற்று, முடிந்தவரை தரையிலேயே நீடு வாழ வாழ்த்துகிறேன். எழுத்துப்பிழை ஏதும் இராது. இருந்தால் தெரிவியுங்கள், பிழைத்திருக்கும் வரை வருந்துவேன்.

என்றும் தங்கள் அன்புக்கு ஏங்கும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: மூன்று தடவை படியெடுத்து, உறைக்குப் பசை தேடிக் கூடத்துக்கு வந்தேன். மணி பன்னிரண்டு. வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டு மேசையில், அவளுடைய மருந்துச்சீட்டுத் தாளில் நான்கு வரி: “வானம் தெளிஞ்சிருக்கு. அப்பாவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு வரேன். அவரே காலையில எழுப்பிக் கேட்டாரு. வாலுவும் வரா. நீங்க மும்முரமா எழுதிக்கிட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ணல. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.”

நான் அதை நின்றபடியே மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தபோதுதான் தாங்கள் கூப்பிட்டீர்கள். தாங்கள் சொன்னது தங்களுக்கு நினைவிருக்காது, அவ்வளவு வேகமாகப் பேசினீர்கள், ஆகவே எழுதி வைக்கிறேன்: “மாப்ள! இறக்கிட்டாய்யா! நம்ம ஸ்கூல்ல கத்துக்க வந்த பன்னெண்டு பேரையும் வேலி ஓரமா நிக்க வெச்சு, பாருங்கடா, இதுதான் வண்டி நிறுத்துறதுன்னு காட்டுனேன். கோடு கிழிச்ச மாதிரி இறக்குனா! அப்பா முன் சீட்டுல, ராஜா மாதிரி. மலை மேல வரும்போது அஞ்சு நிமிஷம் அவரைப் புடிக்கச் சொன்னாளாம். இறங்குன உடனே அவர் அவகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘நல்லா ஓட்டுறே’ன்னாரு மாப்ள! எனக்கு முப்பது வருஷமா அதச் சொன்னதில்ல! இருங்க, இருங்க, என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போனா, இப்பதான் இறங்குனேன், இன்னும் கால் தரையில பதியல. அடுத்தது உங்க அக்கா ஏறுறா. ஆமா, நீங்க ஏன் வரல? பயமா?”

மைத்துனரே, மேலே பன்னிரண்டு பக்கத்தில் எழுதியிருப்பதை எல்லாம் கிழித்துவிடவும். சத்தியம் என்ற சொல்லை மட்டும் முதலில் கிழிக்கவும். நாளைக் காலை ஆறு மணிப் பேருந்தில் ஏழாம் எண் இருக்கையில், விமானம் ஓட்டுகிறவளின் கணவன், எட்டு மணி நேரம் பயணம் செய்து, இந்தக் கடிதத்தைத் தானே கையில் கொண்டு வருகிறான். அதுவரை அவளைக் கிளம்ப விட வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் அப்பா மறுபடி ஏறக் கிளம்பினாலும், வீடு திரும்பும்போது முன் இருக்கை என்னுடையது என்று இதைப் படித்த கையோடு அவரிடம் சொல்லி வையுங்கள். நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.